பின்பால் மெஷின்: திறமையா, அதிர்ஷ்டமா? 1994 உலகக் கோப்பை கேம் முதல் நம்ம ஊர் ரம்மி வழக்கு வரை

2000களில் அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். நெட் கனெக்‌ஷன் கட்டாகிவிடும். மெயில் திறக்காது. ஆனால் மணிக்கணக்குக் காசு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது கைகொடுத்தது கம்ப்யூட்டரிலேயே இருந்த ஒரு கேம். ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்து விட்டால் வெள்ளி நிறப் பந்து மேலே பாயும். அது கீழே விழ வரும் நேரம் பார்த்து 'இசட்' பட்டனைத் தட்டினால், இடது பக்கத் துடுப்பு அடித்து மறுபடி மேலே அனுப்பும். கொஞ்சம் அசந்தால் பந்து காலி.

அதுதான் 'ஸ்பேஸ் கேடட்' பின்பால். விண்டோஸ் எக்ஸ்பி வரை இலவசமாகக் கிடைத்தது. அடுத்து வந்த விஸ்டாவில் எடுத்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? 64 பிட் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, பந்து எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு கீழே விழுந்திருக்கிறது. பழைய நிரலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாததால் கேமையே கைவிட்டதாக மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் ரேமண்ட் சென் பிற்பாடு விளக்கினார்.

நம்மில் பலர் பின்பாலைப் பார்த்தது அந்தத் திரையில் மட்டும்தான். அதன் அசல் வடிவம் 100 கிலோவுக்கு மேல் எடை கொண்ட, காசு போட்டு ஆடும் ஒரு மெஷின். 'இது விளையாட்டு அல்ல, சூதாட்டம்' என்று சொல்லி நியூயார்க் நகரம் இதை 34 ஆண்டுகள் தடை செய்து வைத்திருந்தது.

ஆடுபவரின் திறமையா, வெறும் அதிர்ஷ்டமா? அங்கே பின்பாலைப் பற்றி எழுந்த அதே கேள்விதான், இங்கே ஆன்லைன் ரம்மி வழக்குகளில் பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டது. பின்பால் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்த விவாதமும் எளிதாகப் புரியும்.

பின்பால் என்றால் என்ன?

நம்ம ஊர் கேரம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொஞ்சம் நீளமாக்கி, ஒரு முனையை உயர்த்தி, மேலே கண்ணாடி போட்டு மூடுங்கள். உள்ளே ஸ்பிரிங், விளக்கு, மணி, சரிவுப் பாதைகளைப் பொருத்துங்கள். ஸ்டிரைக்கருக்குப் பதில் ஓர் இரும்புக் குண்டு. கிட்டத்தட்ட இதுதான் பின்பால் மெஷின்.

குண்டின் விட்டம் சுமார் 27 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய 80 கிராம். ஆடுதளம் ஆடுபவரை நோக்கிச் சரிந்திருக்கும். இன்றைய மெஷின்களில் இந்தச் சரிவு பொதுவாக 6.5 டிகிரி. எனவே நீங்கள் என்ன செய்தாலும் பந்து கடைசியில் உங்கள் பக்கம் உருண்டு வந்தே தீரும். அதைக் கீழே உள்ள பள்ளத்தில் விழவிடாமல் திருப்பித் திருப்பி மேலே அனுப்பி, இலக்குகளில் மோதவைத்துப் பாயிண்ட் எடுப்பதுதான் ஆட்டம்.

கேரமுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. கேரமில் காய் நின்ற பிறகு யோசித்து அடிக்கலாம். பின்பாலில் பந்து உங்களுக்காகக் காத்திருக்காது.

எங்கிருந்து வந்தது?

18-ம் நூற்றாண்டு பிரான்ஸில் 'பாகாடெல்' என்றொரு மேசை விளையாட்டு இருந்தது. பலகையில் ஆணிகளும் குழிகளும் இருக்கும். கோலால் பந்தைத் தள்ளிக் குழியில் விழவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பின்' என்பது அந்த ஆணியைக் குறிக்கும் சொல். பின்பால் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

1871-ல் அமெரிக்காவில் மான்டேகு ரெட்கிரேவ் என்பவர், கோலுக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த இழுப்பான் ஒன்றைப் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். பிடித்து இழுத்துவிட்டால் பந்து பாயும். 'பிளஞ்சர்' எனப்படும் இதே அமைப்பு இன்றுவரை தொடர்கிறது. கம்ப்யூட்டர் கேமில் நாம் அழுத்திய ஸ்பேஸ் பட்டன் இதன் நகல்தான்.

1931-ல் சிகாகோவைச் சேர்ந்த டேவிட் காட்லீப், 'பேஃபிள் பால்' என்ற மெஷினைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். கையில் காசில்லாதவர்களும் ஒரு பென்னி போட்டு ஆட முடிந்ததால் மெஷின் பெரும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே ரேமண்ட் மலோனி 'பேலிஹூ' என்ற மெஷினை இறக்கினார். பின்பால் உலகின் பெரிய பெயர்களில் ஒன்றான 'பேலி' நிறுவனத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

விளையாட்டை மையமாக வைத்த மெஷின்களும் சீக்கிரமே வந்துவிட்டன. 1934-ல் ராக்-ஓலா நிறுவனம் பேஸ்பாலை அடிப்படையாக வைத்து 'வேர்ல்ட் சீரிஸ்' என்ற மெஷினைச் செய்தது. மின்சாரமே இல்லாமல், முழுக்க இயந்திர அமைப்பில் இயங்கியது அது. விளையாட்டு தீமுக்கு ஒரு வசதி உண்டு: கோல், ரன், விக்கெட் என்றால் என்னவென்று ஆடுபவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. காசு போட்டதும் நேராக ஆட்டத்துக்குள் போய்விடலாம்.

மேயர் கையில் சம்மட்டி: தடை வந்தது ஏன்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1930களின் மெஷின்களில், பந்தை அடித்துத் திருப்பும் துடுப்பு கிடையாது. பிளஞ்சரை இழுத்து விடலாம். மெஷினைப் பிடித்து லேசாகக் குலுக்கலாம். அவ்வளவுதான். மற்றபடி பந்து ஆணிகளில் முட்டி மோதி எங்கே விழுகிறதோ அதுதான் ரிசல்ட். பல இடங்களில் ஜெயித்தவருக்குப் பரிசும் பணமும் கொடுத்தார்கள். பேலி போன்ற நிறுவனங்கள் நேரடியாகப் பணம் கக்கும் மெஷின்களையும் செய்தன.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசை இந்த மெஷின்கள் பிடுங்குகின்றன, இதன் பின்னால் ரவுடிக் கும்பல்கள் இருக்கின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1942 ஜனவரியில் நியூயார்க்கில் தடை வந்தது. போலீஸ் கடை கடையாக ரெய்டு நடத்தி ஆயிரக்கணக்கான மெஷின்களைப் பறிமுதல் செய்தது. மேயர் ஃபியோரெல்லோ லகார்டியா, பத்திரிகை கேமராக்கள் முன்னால் நின்று சம்மட்டியால் மெஷின்களை உடைத்தார். லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ உட்பட வேறு பல நகரங்களிலும் தடை இருந்தது.

அன்றைய மெஷினை வைத்துப் பார்த்தால், மேயர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆடுபவர் கையில் எதுவும் இல்லாத ஆட்டத்தில் காசைப் போட்டால், அது சூதாட்டத்துக்கு நெருக்கமானதுதான்.

1947: ஆட்டத்தை மாற்றிய 'ஃபிளிப்பர்'

தடை வந்து 5 ஆண்டுகள் கழித்து, 1947-ல் காட்லீப் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஹாரி மேப்ஸ், 'ஹம்டி டம்டி' என்ற மெஷினில் ஆறு சிறிய துடுப்புகளைப் பொருத்தினார். பட்டனை அழுத்தினால் மின்சாரத்தில் இயங்கிப் பந்தைத் திருப்பி அடிக்கும். 'ஃபிளிப்பர்' பிறந்த கதை இதுதான்.

மறு ஆண்டே ஸ்டீவ் கோர்டெக் என்ற வடிவமைப்பாளர், ஆறு எதற்கு, இரண்டு போதும் என்று அவற்றை ஆடுதளத்தின் அடிப்பகுதியில் வைத்தார். ஜென்கோ நிறுவனத்தின் 'டிரிப்பிள் ஆக்‌ஷன்' மெஷின் அது. இன்று நாம் பின்பால் என்றதும் மனதில் வரும் உருவம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த இரண்டு துண்டுகள் வந்ததும் ஆட்டத்தின் குணமே மாறிவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் பேட்ஸ்மேன் ஆனார். பந்து ஃபிளிப்பரின் அடிப்பகுதியில் இருக்கும்போது அடித்தால் ஒரு திசை. நுனிக்கு வந்த பிறகு அடித்தால் வேறொரு திசை. நொடியில் மிகச் சிறிய பங்கு முன்னே பின்னே ஆனாலும் பந்து போகும் இடம் மாறும். கிரிக்கெட்டில் ஒரே பந்தைக் கொஞ்சம் முன்னதாக ஆடினால் மிட்-ஆனுக்கும், கொஞ்சம் தாமதித்தால் பாயிண்டுக்கும் போகிறது இல்லையா, அந்த மாதிரி.

பழகியவர்கள் ஃபிளிப்பரைத் தூக்கிப் பிடித்து, உருண்டு வரும் பந்தை அதன் மடியில் நிறுத்திவிடுவார்கள். மூச்சு விட்டு, குறி பார்த்து, பிறகு அடிப்பார்கள். 'எங்கே போகணும்' என்று பந்துக்கு அவர்கள் சொல்கிறார்கள். பழைய மெஷினில் இது சாத்தியமே இல்லை.

1994 உலகக் கோப்பை மெஷினில் என்னென்ன இருந்தது?

ஃபிளிப்பர் வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இந்த வடிவமைப்பு எவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது என்பதற்கு நல்ல உதாரணம் பேலி பெயரில் வந்த 'வேர்ல்ட் கப் சாக்கர்'. 1994-ல் அமெரிக்காவில் நடந்த ஃபிஃபா உலகக் கோப்பைக்காக உருவான மெஷின். ஜான் பாபடியூக், லாரி டிமார் இருவரும் வடிவமைத்தார்கள். 30 ஆண்டுகள் கடந்தும் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் மெஷின்களில் இதுவும் ஒன்று.

கோல்கீப்பர்: ஆடுதளத்தில் ஒரு கோல் போஸ்ட். அதன் முன்னால் மோட்டாரில் இடதும் வலதும் நகர்ந்துகொண்டே இருக்கும் கோல்கீப்பர் பொம்மை. பந்தைச் சரியான திசையில் அடித்தால் மட்டும் போதாது. கீப்பர் விலகும் நேரமும் பார்த்து அடிக்க வேண்டும். அசையாத இலக்கைவிட இது ஏன் கடினம் என்பது பெனால்டி பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

சுழலும் கால்பந்து: ஆடுதளத்தில் பதித்த பெரிய கால்பந்து ஒன்று மோட்டாரில் சுழலும். இரும்புக் குண்டு அதில் பட்டால், சுழலும் திசைக்கு ஏற்ப விலகி ஓடும். இது பார்க்க அழகு. ஆனால் ஆடுபவரின் கணிப்பைக் குலைக்கவும் செய்யும்.

காந்தம்: ஃபிளிப்பர்களுக்கு மேலே, ஆடுதளத்தின் அடியில் ஒரு மின்காந்தம். அந்த வசதியை ஆட்டத்தில் முன்கூட்டியே சம்பாதித்து வைத்திருந்தால், பந்து நடுவே பள்ளத்துக்குள் போகப்போகும் கணத்தில் தனி பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். அழுத்தும் நேரம் தவறினால் காந்தம் இருந்தும் பயனில்லை. கடைசி நொடியில் டைவ் அடிக்கும் கீப்பர் வேலையை இங்கே ஆடுபவர் செய்கிறார்.

ஊர் ஊராகப் பயணம்: சிகாகோ, டல்லஸ், பாஸ்டன் என அந்த உலகக் கோப்பை நடந்த 9 ஊர்களும் கேமில் உண்டு. ஊர்களைக் கடந்து லாஸ் ஏஞ்சலிஸ் சேர்ந்தால் இறுதிப்போட்டி. எதிரணி ஜெர்மனி. மெஷின் வெளிவந்தது போட்டி தொடங்கும் முன்பே என்பதால், அப்போதைய நடப்புச் சாம்பியனை எதிரணியாக வைத்துவிட்டார்கள். நிஜத்தில் ஜெர்மனி காலிறுதியில் பல்கேரியாவிடம் தோற்று வெளியேறியது. இறுதிப்போட்டியில் இத்தாலியைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று கோப்பையைத் தூக்கியது பிரேசில்.

மல்டிபால்: ஒரே நேரத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட பந்துகள் ஆடுதளத்துக்கு வரும். அதிக கோல் போடலாம். அதே சமயம் கண் இரண்டாகப் பிரியும். பதற்றம் ஏறும்.

புள்ளி விளக்குத் திரை: 128-க்கு 32 என்ற கணக்கில் 4,096 ஆரஞ்சு நிறப் புள்ளிகள் கொண்ட திரை. ஸ்கோரும், சின்னச் சின்ன அனிமேஷனும் அதில் ஓடும். அந்த உலகக் கோப்பையின் அதிகாரபூர்வச் சின்னமான 'ஸ்டிரைக்கர்' என்ற நாயும் மெஷினில் இடம்பெற்றது.

மெஷினைத் திறந்தால் என்ன தெரியும்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களிடம் இந்த மெஷினின் பலகையைத் தூக்கிக் காட்டினால், 'இதெல்லாம் நம்ம ஐட்டம்தானே' என்பார்கள். சோலனாய்டு, ஸ்பிரிங், லிமிட் ஸ்விட்ச், ரிலே, ரப்பர் வளையம், கட்டுக் கட்டாக ஒயர். வெளியே இருக்கும் பளபளப்புக்குக் கீழே இருப்பது ஒரு சின்ன ஃபேக்டரி.

ஃபிளிப்பரையே பாருங்கள். பட்டனை அழுத்தியதும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்கிறது. அது காந்தமாகி உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டோடு இணைந்த ஃபிளிப்பர் சட்டென்று மேலே அடிக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 80 கிராம் குண்டை வேகமாக அடிக்க நிறைய மின்சாரம் வேண்டும். ஆனால் பந்தை நிறுத்துவதற்காக ஆடுபவர் பட்டனை அழுத்தியபடியே இருந்தால், அவ்வளவு மின்சாரமும் தொடர்ந்து பாய்ந்து சுருள் கருகிவிடும். அதனால் ஒரே சுருளில் இரண்டு சுற்றுகள் வைத்தார்கள். ஒன்று, அடிப்பதற்கான பலமான சுற்று. இன்னொன்று, தூக்கிய நிலையில் பிடித்து வைக்கும் மெல்லிய சுற்று. ஃபிளிப்பர் மேலே போனதும் ஒரு ஸ்விட்ச் தட்டி முதல் சுற்றைத் துண்டித்துவிடும். 1990களின் மெஷின்களில் இந்த வேலையை மின்னணு போர்டு பார்த்துக்கொண்டது.

காளான் மாதிரி நிற்கும் 'பாப் பம்பர்' இன்னொரு நல்ல யோசனை. பந்து அதன் அடிப்பாவாடையைத் தொட்டதும் கீழே ஸ்விட்ச் மூடும். உடனே சோலனாய்டு ஒரு வளையத்தைக் கீழே இழுக்க, இடையில் மாட்டிய பந்து வேகமாக வெளியே எறியப்படும். பந்து எந்தப் பக்கம் பாயும் என்பதை ஆடுபவர் கணிப்பது மிகக் கடினம். அதாவது, ஃபிளிப்பர் உங்கள் கையில் கொடுத்த கட்டுப்பாட்டை, பம்பர் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டும் கலந்தால்தான் ஆட்டம் சுவாரசியம்.

மெஷின் உங்கள் பக்கமா, ஓனர் பக்கமா?

இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. திறமைக்கு இடம் இருக்கிறது என்பதால் மெஷின் நடுநிலையானது என்று நினைத்துவிடக் கூடாது. பந்து சீக்கிரம் விழுந்தால்தான் அடுத்த காசு உள்ளே வரும். அதற்கான வழிகளும் டிசைனிலேயே இருக்கின்றன.

ஆடுதளத்தின் இரு ஓரங்களிலும் 'அவுட்லேன்' எனப்படும் குறுகிய சந்துகள் உண்டு. பந்து அதில் நுழைந்தால் ஃபிளிப்பருக்கு எட்டாது, நேராகப் பள்ளம்தான். பல மெஷின்களில் இந்தச் சந்தின் வாயில் நிற்கும் சிறு கம்பத்தை நகர்த்தி, வாயை அகலமாக்கவோ குறுக்கவோ முடியும். மெஷினின் கால்களைத் திருகி உயரத்தை மாற்றினால் சரிவு கூடும், பந்தின் வேகமும் கூடும். இரண்டையும் செய்வது ஓனர்.

மெஷினைக் குலுக்கலாமா? லேசாகத் தள்ளுவது ஆட்டத்தின் ஒரு பகுதிதான். எல்லை மீறினால் 'டில்ட்' விழும். உள்ளே ஒரு வளையத்துக்கு நடுவே ஊசல் தொங்குகிறது. குலுக்கலில் ஊசல் வளையத்தைத் தொட்டால் ஃபிளிப்பர் செத்துவிடும், அந்தப் பந்து போச்சு. அந்த ஊசல் எவ்வளவு உணர்வோடு இருக்க வேண்டும் என்பதையும் ஓனர் செட் செய்யலாம்.

1990களின் கம்ப்யூட்டர் மெஷின்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. குறிப்பிட்ட ஸ்கோரைத் தாண்டினால் ஒரு ஆட்டம் இலவசம். ஆனால் அந்த ஸ்கோர் நிலையானது அல்ல. எத்தனை சதவீத ஆட்டங்களுக்கு இலவசம் தரலாம் என்று ஓனர் மெனுவில் செட் செய்துவிட்டால், அந்த ஊர்க்காரர்கள் நன்றாக ஆட ஆட, தேவையான ஸ்கோரை மெஷினே உயர்த்திக்கொள்ளும்.

ஆட்டம் முடிந்ததும் 'மேட்ச்' என்று ஒன்று வரும். மெஷின் ஒரு எண்ணைக் காட்டும். உங்கள் ஸ்கோரின் கடைசி இரண்டு இலக்கத்தோடு அது பொருந்தினால் இன்னொரு ஆட்டம் இலவசம். இது எவ்வளவு அடிக்கடி பொருந்த வேண்டும் என்பதும் மெனுவில் இருக்கும் ஒரு செட்டிங்தான். கோல்கீப்பரைத் தாண்டி கோல் போடுவது திறமை. மேட்ச் எண் விழுவது சுத்தமான அதிர்ஷ்டம். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

தடை நீங்கியது எப்படி?

1974-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், பின்பால் பிரதானமாகத் திறமை சார்ந்த ஆட்டம் என்று கூறி லாஸ் ஏஞ்சலிஸ் தடையை ரத்து செய்தது.

நியூயார்க்கில் நடந்தது சினிமா மாதிரி. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளரை, நகர மன்றக் குழுவின் முன்னால் ஆடிக் காட்ட அழைத்தார்கள். தயாராக வைத்திருந்த மெஷினில் ஏதாவது தில்லுமுல்லு இருக்குமோ என்று உறுப்பினர் ஒருவர் சந்தேகப்பட, மாற்றாகக் கொண்டுவந்திருந்த இன்னொரு மெஷினில் ஆட வேண்டியதாயிற்று. எந்த இலக்கில் அடிக்கப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லி அடித்தார் ஷார்ப். கடைசியாக, 'பிளஞ்சரை இழுத்து விடுகிறேன், பந்து நடுச் சந்து வழியாகப் போகும்' என்றார். போனது. அந்த ஆண்டே தடை முடிவுக்கு வந்தது.

அந்தக் கடைசி ஷாட்டில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று ஷார்ப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். 2022-ல் இந்தச் சம்பவம் ஹாலிவுட் படமாகவும் வந்தது.

தமிழ்நாட்டில் இதே கேள்வி

இந்தியச் சட்டத்திலும் இதே கோடு உண்டு. 1930-ம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் சூதாட்டத்தைத் தடை செய்தாலும், திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. எது திறமை ஆட்டம் என்பதில்தான் சண்டை.

1968-ல் உச்ச நீதிமன்றம், ரம்மியில் திறமையின் பங்கே அதிகம் என்றது. சீட்டுகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும் என்பது காரணம். 1996-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்ததே என்று தீர்ப்பளித்தது. ஒரு ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கொஞ்சம் கலந்திருக்கலாம், வெற்றியைப் பிரதானமாகத் தீர்மானிப்பது எது என்பதுதான் நீதிமன்றம் பார்த்த அளவுகோல்.

பிறகு எல்லாம் மொபைலுக்கு வந்தது. அம்பத்தூரில் ஏறி ஆவடியில் இறங்குவதற்குள், மின்சார ரயிலில் நின்றபடியே பணம் கட்டி ஆட முடிந்தது. பணத்தை இழந்தவர்கள் கடனில் சிக்கியதும், உயிரை மாய்த்துக்கொண்டதும் தொடர்ந்து செய்திகளாயின. ஆன்லைன் பந்தய ஆட்டங்களைத் தடை செய்து 2021-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2022-ல் புதிய சட்டம் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது செல்லாது என்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் வேறு பாதையில் போனது. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டம் என்றால் அதை நடத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

ஒரு கேமை எடைபோட 4 கேள்விகள்

பின்பால் மெஷின் கற்றுத்தரும் பாடத்தை எந்த கேமுக்கும் பொருத்திப் பார்க்கலாம். மொபைல் ஆப், பொருட்காட்சியில் வளையம் எறியும் கடை, மாலில் பொம்மையைக் கவ்வும் மெஷின், எதுவானாலும் சரி.

1. என் கை முடிவை மாற்றுகிறதா? ஃபிளிப்பர் இல்லாத 1931 மெஷினா, ஃபிளிப்பர் உள்ள 1947 மெஷினா?

2. பழகினால் தேறுகிறேனா? திறமை ஆட்டத்தில் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப ஜெயிப்பார்கள். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 என இரண்டு முறை கேரம் உலகச் சாம்பியன் ஆனது அப்படித்தான். பின்பாலிலும் பல பட்டங்களை வென்ற கீத் எல்வின், பிறகு மெஷின்களை வடிவமைக்கவே போய்விட்டார்.

3. செட்டிங் யார் கையில்? சரிவை யார் கூட்டுகிறார்கள், தேவையான ஸ்கோரை யார் உயர்த்துகிறார்கள், அது எனக்குத் தெரிகிறதா? பின்பாலில் குனிந்து பார்த்தால் சந்தின் அகலமாவது தெரியும். ஆப்பில் அதுவும் தெரியாது.

4. தோற்றால் போவது எவ்வளவு? பின்பாலில் அதிகபட்ச நஷ்டம் ஒரு ஆட்டத்துக்கு ஒரு காசு. பாக்கெட் காலியானால் ஆட்டம் முடிந்தது. வங்கிக் கணக்கோடு இணைந்த ஆப்பில் அந்த எல்லை இல்லை.

நீதிமன்றங்கள் நெடுங்காலம் முதல் கேள்வியைத்தான் கேட்டுவந்தன. 2025 சட்டம் நான்காவது கேள்விக்கு நகர்ந்திருக்கிறது. வீட்டில் பிள்ளைகளுக்கு கேம் வாங்கித் தருபவர்கள் நான்கையுமே கேட்பது நல்லது.

பின்பால் இப்போது எங்கே?

வீடியோ கேம் வளர வளரப் பின்பால் தேய்ந்தது. பேலி, வில்லியம்ஸ் பெயர்களில் மெஷின் செய்துவந்த நிறுவனம் 1999-ல் பின்பால் பிரிவையே மூடியது. ஆனாலும் ஆட்டம் அழியவில்லை. சிகாகோ பகுதியில் ஸ்டெர்ன் நிறுவனம் இன்றும் புதிய மெஷின்களைச் செய்கிறது. சர்வதேச தரவரிசையும் போட்டிகளும் நடக்கின்றன. 'வேர்ல்ட் கப் சாக்கர்' போன்ற பழைய மெஷின்களுக்கு மாற்று ரப்பர், சுருள், போர்டு எல்லாம் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன.

அவற்றைப் பழுதுபார்த்து ஓடவைப்பவர்கள் முதலில் சரிசெய்வது பெரும்பாலும் ஃபிளிப்பரைத்தான். அது தளர்ந்துவிட்டால் பந்தைக் குறி பார்த்து அடிக்க முடியாது. மெஷின் மறுபடி 1931-க்குப் போய்விடும்.

(ஆன்லைன் பண ஆட்டத்தால் கடன், மன உளைச்சலில் இருப்பவர்கள் தயங்காமல் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் இலவச ஆலோசனை கிடைக்கும். இணையவழிப் பண மோசடிகளுக்கு 1930-ல் புகார் அளிக்கலாம்.)